அடிப்பூச்சு

ஐரோப்பியக் கரைகளில் குளிர்காலம் முழுவதும் கரையேறிக் கிடக்கும் பாய்மரப் படகுகள், வசந்தம் வந்ததும் புதிய பருவத்துக்குத் தயாராகின்றன. பாய்களில் கிழிசல் பார்ப்பதும், பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளைச் சோதிப்பதும், அரித்துப்போன துத்தநாகக் கட்டிகளை மாற்றுவதும் படகையும் படகோட்டியையும் காப்பவை. நீருக்குள் மறைந்துவிடும் அடிப்பாகத்துக்கு எதைப் பூசுகிறோம் என்பதோ பிற உயிர்களைப் பற்றிய கேள்வி. நாம் இங்கே பேச விரும்புவது அதைத்தான்.

அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டினால் படகின் வேகம் குறையும். அதைத் தடுக்க, டிரைபியூட்டைல் டின் என்ற நஞ்சு கலந்த பூச்சு 1970களில் பரவலாயிற்று. விளைவைப் பிரான்ஸின் ஆர்காஷோன் விரிகுடா கண்டது. சிப்பிகளின் ஓடுகள் உருக்குலைந்தன, குஞ்சுகள் பிழைக்கவில்லை, அவற்றை வளர்த்து வாழ்ந்தவர்களின் பிழைப்பு முடங்கியது. அங்கே நஞ்சைக் கொண்டுவந்தவை பெரும்பாலும் பொழுதுபோக்குப் படகுகளே என்பதை நாம் மறந்துவிடலாகாது.

சிறு படகுகளுக்கு அப்பூச்சைப் பிரான்ஸ் 1982இலும் பிரிட்டன் 1987இலும் தடுத்தன. எல்லாக் கப்பல்களுக்குமான சர்வதேச ஒப்பந்தம் 2008இல்தான் நடைமுறைக்கு வந்தது.

இன்று செம்பு கலந்த பூச்சுகளே மிகுதி. செம்பும் மெல்லக் கரைந்து நீரில் கலப்பதுதான். அது கொல்வதாலேயே அப்பூச்சு பயன்படுகிறது. ஆகவே பழைய பூச்சைச் சுரண்டுகையில் தரையில் விரிப்பிட்டு அத்தூளை முழுதும் அள்ள வேண்டும். தேவைக்கு மேல் ஒரு கையும் பூசலாகாது. அரிதாக ஓடும் படகைக் கரையிலேயே வைத்திருக்கலாம். சட்டம் வரும்வரை காத்திருந்ததன் விலையை ஆர்காஷோனின் சிப்பிகள் ஏற்கெனவே கொடுத்துவிட்டன.