மை மட்டும் என்ன யோக்கியம்?

மின்கையொப்பத்தை எதிர்ப்பவர்கள், “பாஸ்வேர்டை யார் வேண்டுமானாலும் தட்டலாம், பேனாக் கையெழுத்துதான் பாதுகாப்பு” என்கிறார்கள். மருந்து ஆலையில் ஒவ்வொரு தொகுதியின் தயாரிப்புக்கும் எழுதும் பேட்ச் ரெக்கார்டைப் புரட்டியவர்கள் இப்படிப் பேச மாட்டார்கள். ஷிப்ட் முடிகிற நேரத்தில் உட்கார்ந்து, காலை 8 மணிக்கு எடை பார்த்ததாக எழுதி ஒப்பமிட்டால் காகிதம் காட்டிக்கொடுக்குமா?

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 1997-இல் வெளியிட்ட ‘பகுதி 11’ விதிப்படி, மின்கையொப்பத்தில் பெயர், தேதி, நேரம், எதற்கான ஒப்பம் என்பதெல்லாம் தெரிய வேண்டும். திருத்தினாலும் பழைய பதிவு மறையக் கூடாது. ஒருவரின் ஒப்பத்தை இன்னொருவர் பயன்படுத்தக் கூடாது.

பாஸ்வேர்டை மானிட்டரில் ஒட்டிவைத்தால்? அது நிர்வாகத்தின் லட்சணம். அங்கே பேனாவும் கைமாறும். ஆபரேட்டரே கணினிக் கடிகாரத்தைத் திருப்ப முடிகிற ஆலையில் மின்கையொப்பமும் வீண்தான். அதற்குக் கடிகாரத்தை மாற்றும் அனுமதியை ஆபரேட்டரிடமிருந்து பறிக்க வேண்டும். காகிதத்துக்குத் திரும்புவது தீர்வாகாது.