விளையாடும் பிள்ளைகளின் முழங்கால்

பள்ளி விளையாட்டு விழாக்கள் நடைபெறும் பருவம் வந்துவிட்டால், வீங்கிய முழங்காலுடன் மருத்துவரைத் தேடி வரும் இளையோர் பலர். "என்மேல் எவரும் மோதவில்லை. ஓடிக்கொண்டிருந்தபோது சட்டெனத் திரும்பினேன். முழங்காலுக்குள் 'படக்' என்று ஒரு சத்தம் கேட்டது." இவர்களுட் பெரும்பாலோர் கூறுவது இதுவே. அடிபட்டது மகளாயின், "இவள் விளையாடியது போதும்" என்று பெற்றோர் அங்கேயே முடிவு கட்டிவிடுவதும் உண்டு. அந்தச் சத்தத்தின் பொருள் யாது? பெற்றோரின் அம்முடிவு சரிதானா? இம்மாதம் இவ்விரு வினாக்களையும் ஆராய்வோம்.

முழங்காலைக் காக்கும் நார்கள்

இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் தலை ஆழ்ந்த குழி ஒன்றில் பொருந்தி நிற்கிறது. முழங்காலுக்கோ அத்தகைய குழி இல்லை. தொடை எலும்பு, ஏறக்குறையத் தட்டையான கீழ்க்கால் எலும்பின்மேல் அமர்ந்திருக்கிறது. இவ்விரண்டையும் பிணைத்து வைப்பவை நான்கு தசைநார்கள். மக்கள் வழக்கில் 'ஜவ்வு' என்று சொல்லப்படுபவை இவையே. பக்கத்திற்கு ஒன்றாக இரண்டும், மூட்டின் நடுவே ஒன்றையொன்று குறுக்காகக் கடந்து செல்லும் இரண்டும் உள்ளன. நடுவிலுள்ள முன் குறுக்குத் தசைநார், கீழ்க்கால் எலும்பு முன்னோக்கி நழுவாமலும், மிகுதியாகத் திருகிக்கொள்ளாமலும் காக்கிறது. விளையாட்டு வீரர்கள் அஞ்சுவது இந்நார் அறுந்துவிடுவதற்கே.

பாதம் தரையில் ஊன்றி நிற்க, முழங்கால் உட்புறம் சரிய, உடல் மட்டும் திரும்பும் அந்த ஒரு நொடியில் இது அறுகிறது. குதித்து ஒற்றைக் காலில் இறங்கும்போதும் இவ்வாறே நேர்கிறது. ஆகவே கால்பந்து, கூடைப்பந்து, கபடி போன்ற ஆட்டங்களில் இது மிகுதி. ஒரே ஆட்டத்தை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு இக்காயம் பன்மடங்கு ஏற்படுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

வருமுன் காத்தல்

இதனைத் தடுக்க இயலும் என்பதே நாம் மகிழ்ந்து அறிய வேண்டிய செய்தி. உலகக் கால்பந்துச் சம்மேளனத்தின் மருத்துவக் குழு, பிறநாட்டு ஆய்வாளர்களுடன் சேர்ந்து, '11 பிளஸ்' என்னும் பயிற்சி முறையை வகுத்தது. பதினைந்து பயிற்சிகள்; இருபது நிமிடங்கள். முதலில் மெதுவான ஓட்டம். பின்னர்த் தொடைக்கும் இடுப்புக்கும் வலுவூட்டும் பயிற்சிகள், ஒற்றைக் காலில் நிலைத்து நிற்றல், குதித்து மெத்தென இறங்குதல். முடிவில் விரைந்து ஓடித் திரும்புதல். நார்வே நாட்டில் 13 முதல் 17 வயது வரையுள்ள ஏறத்தாழ 1,900 கால்பந்து வீராங்கனைகளிடம் இம்முறை சோதிக்கப்பட்டு, 2008-இல் முடிவுகள் வெளியாயின. பயிற்சி செய்தவர்களிடையே காயங்கள் மொத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. கடுமையான காயங்கள் ஏறக்குறையப் பாதியாயின.

இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. குதித்து இறங்கும்போது முழங்கால் மடிந்திருக்கவேண்டும், அது பாதத்திற்கு நேராக நிற்கவேண்டும், உட்புறம் சாயலாகாது. இதனைப் பயிற்சியாளர் நாள்தோறும் நினைவூட்டினாலே பெரும்பயன் உண்டு. ஆனால் வாரத்திற்கு இருமுறையேனும் தவறாமல் செய்தல் வேண்டும். போட்டிக்கு முந்தின நாள் மட்டும் செய்வதால் பயனில்லை.

அடிபட்டால் செய்யவேண்டியவை

சத்தம் கேட்டு, சில மணி நேரத்திற்குள் முழங்கால் வீங்கிவிட்டால், தசைநார் அறுந்திருக்கக்கூடும் என்று கொள்ளவேண்டும். ஆட்டத்தை உடனே நிறுத்துக. துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பதினைந்து நிமிடம் ஒற்றியெடுக்கலாம். மீள்கட்டுத் துணியால் அளவாகக் கட்டி, காலை உயர்த்தி வைக்கவேண்டும். முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு எண்ணெய் தேய்த்து உருவுதலும், சூடான ஒத்தடமும் கூடவே கூடாது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. எக்ஸ்ரே படத்தில் எலும்பு தெரியும், தசைநார் தெரியாது. "எலும்பு முறியவில்லை" என்ற சொல்லைக் கேட்டு மனநிறைவு அடைந்து திரும்புவோர் பலர். சில வாரங்களில் வீக்கம் வடிந்துவிடும், நடக்கவும் முடியும். குணமாகிவிட்டது என்றெண்ணிக் களத்தில் இறங்கினால், முழங்கால் திடீரென மடங்கி நழுவும். ஒவ்வொரு நழுவலும் மூட்டினுள் இருக்கும் பிறை வடிவக் குருத்தெலும்பைக் கிழிக்கக்கூடும். இளமையிலேயே மூட்டுத் தேய்மானம் தொடங்குவது இவ்வாறுதான். ஆகவே எலும்பு மருத்துவர் ஒருவர் கையால் மூட்டை அசைத்துச் சோதிப்பதும், தேவையெனில் எம்.ஆர்.ஐ. படம் எடுப்பதும் இன்றியமையாதவை.

அறுவை மட்டுமே வழியா?

எல்லாருக்கும் அன்று. பக்கத் தசைநார்க் காயங்கள் பெரும்பாலும் கட்டினாலும் பயிற்சியாலும் ஆறிவிடும். முன் குறுக்குத் தசைநார் அறுந்த 121 பேரை ஸ்வீடன் மருத்துவர்கள் ஆராய்ந்து, 2010-இல் முடிவை வெளியிட்டனர். முதலில் பயிற்சி மட்டும் பெற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோர்க்கு, ஈராண்டு வரை அறுவை தேவைப்படவில்லை. அவர்களது நிலையும் தாழ்ந்திருக்கவில்லை. எனினும், திரும்பிப் பாயும் ஆட்டங்களுக்கு மீள விரும்புவோர்க்கும், மூட்டு அடிக்கடி நழுவுவோர்க்கும் அறுவையே பெரும்பாலும் பரிந்துரைக்கப்படுகிறது.

அறுவை செய்தாலும் வேலை பாதியே முடிந்தது எனலாம். பொருத்தப்பட்ட புதிய நார் உறுதிபெறப் பல மாதங்கள் ஆகும். முதலில் வீக்கம் குறைந்து, கால் முழுதும் நீளவேண்டும். முழங்காலின் கீழ்ச் சுருட்டிய துண்டை வைத்து அழுத்தித் தொடைத் தசையை இறுக்குவது முதற்பாடம். பின்னர் நொண்டாத நடை, மிதிவண்டிப் பயிற்சி, படியேறுதல், ஒற்றைக் கால் பயிற்சி, ஓட்டம் என்று படிப்படியாக ஏறவேண்டும்.

வலியின்மையை மட்டும் கண்டு களத்திற்குத் திரும்புதல் பெருந்தவறு. அறுவைக்குப்பின் ஒன்பது மாதம் வரையில், திரும்புவதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மீண்டும் அடிபடும் வீதத்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைப்பதாக, 2016-இல் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. மாதக்கணக்கு மட்டும் போதாது; அடிபட்ட காலின் தொடை வலிமை மறுகாலின் வலிமையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கையேனும் எட்டவேண்டும்.

விளையாட்டை நிறுத்திவிடலாமா என்ற வினாவுக்கு வருவோம். 2016-ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக் போட்டியில், மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட் முழங்காலில் அடிபட்டு, கண்ணீருடன் தூக்குப் படுக்கையில் வெளியேறினார். ஈராண்டு கழித்து, ஜகார்த்தா ஆசிய விளையாட்டில், அன்று எதிர்த்து நின்ற அதே சீன வீராங்கனையை முதற்சுற்றிலேயே வென்றார், தங்கமும் பெற்றார். ஆசிய விளையாட்டு மல்யுத்தத்தில் இந்தியப் பெண்ணொருவர் பெற்ற முதல் தங்கம் அது.

எல்லாரும் தங்கம் பெறுவதில்லை. முன்போல் ஆட இயலாதவர்களும் உண்டு. ஆயினும் அம்முடிவை வீக்கமும் அச்சமும் மிகுந்த முதல் நாளில் எடுத்தலாகாது. அந்த ஒன்பது மாதங்களில் பிள்ளைக்குத் தேவைப்படுவது, அவசரப்படுத்தாத பயிற்சியாளரும், நாள்தோறும் பயிற்சியின்போது அருகில் அமர்ந்திருக்கும் தாய் தந்தையருமே. மீண்டும் ஆடுவதா, வேண்டாமா என்பதை, கால் வலுப்பெற்றபின் பிள்ளையையும் உடன் வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.