கண்ணேறும் கண்ணாடியும்

சென்ற சித்திரையில் ஒரு நாள் நமது மோட்டார் வண்டியின் முன்கண்ணாடி விரிந்துவிட்டது. யாரும் கல் எறியவில்லை. வண்டி எதிலும் மோதவுமில்லை. பகல் முழுதும் வாசலில் வெயிலில் காய்ந்து கிடந்த வண்டிக்குள் மாலை நான்கு மணிக்கு ஏறி உட்கார்ந்தோம். உள்ளே அடுப்பங்கரையைப் போல் அனல் வீசியது. குளிர்சாதனத்தை முழு வேகத்தில் திருப்பினோம். இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும்; 'டக்' என்று ஒரு சப்தம். நம் கண்ணெதிரிலேயே ஒரு கோடு கண்ணாடியின் இடது பக்கத்தில் புறப்பட்டு, ஏதோ அவசர காரியமாகப் போவதுபோல் வலது பக்கம் வரை ஓடி நின்றது.

மறுநாள் காலையில் கும்பகோணத்தில் நம் தங்கை மகளுக்குக் கல்யாணம். அன்றிரவே சென்னையிலிருந்து குடும்பத்துடன் அந்த வண்டியில் புறப்படுவதாக ஏற்பாடு. தாய்மாமன் இல்லாமல் பெண்ணும் பிள்ளையும் மாலை மாற்றிக்கொள்வது எப்படி?

வீட்டில் அத்தைக்குக் காரணம் உடனே புலப்பட்டுவிட்டது. "திருஷ்டி அப்பா, திருஷ்டி! தெருவே அந்த வண்டியைத்தானே பார்த்துக்கொண்டிருந்தது? எலுமிச்சம்பழத்தை வெள்ளிக்கிழமைதோறும் மாற்றச் சொன்னேனே, மாற்றினாயா?" என்றாள். பழம் முன்னால் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் மூன்று வாரத்துப் பழம். ஆகையால் நாம் வாதாடவில்லை.

வாதாடாததற்கு வேறொரு காரணமும் உண்டு. இரண்டு வாரங்களுக்கு முன் திருச்சி சாலையில் ஜல்லி ஏற்றிய லாரி ஒன்றின் பின்னால் சென்றபோது, ஒரு சிறு கல் தெறித்துக் கண்ணாடியில் பட்டது. மிளகளவு வடு. 'இதற்கென்ன!' என்று விட்டுவிட்டோம். இப்போது கோட்டின் மீது நகத்தை ஓட்டிப் பார்த்தால், அந்த வடுவில் வந்து நகம் தடுக்குகிறது. நேயர்களும் இப்படிப் பார்க்கலாம். கோட்டில் எங்கேனும் குழி தட்டுப்பட்டால் அது கல்லின் வேலை. குழியே இல்லாமல் விளிம்பிலிருந்து கோடு கிளம்பியிருந்தால், உஷ்ண பேதமோ, பொருத்தியதில் கோளாறோ, சட்டத்தில் ஏறிய துருவோ காரணமாக இருக்கலாம்.

கண்ணாடி ஏன் இப்படித் துரோகம் செய்கிறது? இங்கிலாந்தில் ஃபார்ன்பரோவிலிருந்த விமான ஆராய்ச்சி நிலையத்தில் கிரிஃபித் என்ற பொறியியல் அறிஞர் இந்த ஆராய்ச்சியில் இறங்கினார். கண்ணாடியை மெல்லிய இழையாக இழுக்க இழுக்க, அதன் பலம் ஏறுவதைக் கண்டார். கண்ணாடி இயற்கையில் மிகுந்த பலமுள்ளது. அதன் மேலுள்ள நுண்ணிய கீறல்களே அதைப் பலவீனமாக்குகின்றன என்று 1921-ம் ஆண்டில் வெளியிட்டார். இழுவிசை முழுதும் கீறலின் நுனியில் வந்து குவிகிறது. ஓர் எல்லையைத் தாண்டியதும் கீறல் ஓடத் தொடங்குகிறது. காற்றிலுள்ள ஈரமும் அந்த நுனியில் புகுந்து பிணைப்பை மெள்ள மெள்ள அறுக்கிறது. ஆகவேதான் அடிபட்ட அன்று விரியாத கண்ணாடி, பதினைந்து நாள் கழித்து விரிகிறது. வெளிப்புறம் வெயிலில் விரிந்திருக்க, உட்புறம் குளிர்காற்றால் சுருங்கினால் அந்த இழுவிசை பிறக்கிறது. கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த நீரை வாரி ஊற்றினாலும் இதே ஆபத்துத்தான்.

இவ்வளவு நடந்தும் ஒரு சில்லுகூட நம் மடியில் விழவில்லை. அதற்குப் பிரெஞ்சுக்காரரான எதுவார் பெனெதிக்துஸ் என்பவருக்கு நன்றி சொல்ல வேண்டும். 1903-ம் ஆண்டில் அவருடைய ஆய்வுக்கூடத்தில் ஒரு கண்ணாடிக் குடுவை கீழே விழுந்து உடைந்தும் சிதறாமல் நின்றதாம். உள்ளே உலர்ந்திருந்த செல்லுலோஸ் நைட்ரேட் பூச்சு சில்லுகளைப் பிடித்துக்கொண்டிருந்தது. 1909-ல் அவர் காப்புரிமை பெற்றார். இக்காலத்து முன்கண்ணாடி இரண்டு தகடுகளுக்கு நடுவே சுமார் முக்கால் மில்லிமீட்டர் கனமுள்ள பிளாஸ்டிக் ஏடு வைத்து ஒட்டியது. பக்கத்து ஜன்னல்களில் பெரும்பாலும் உள்ளது வேறு ஜாதி. அதைச் சூடேற்றிச் சட்டென்று குளிர்வித்து உறுதி செய்திருப்பார்கள். உடைந்தால் கற்கண்டுபோல் பொடிப்பொடியாக உதிரும். முற்காலத்தில் அதையே முன்னாலும் பொருத்தியதுண்டு. கல் பட்டதும் கண்ணாடி முழுதும் வெளுத்து, வண்டி ஓட்டுபவர் பாதையே தெரியாமல் தவிப்பார்.

சரி, நாம் கடைக்கு ஓடினோம். கடைக்காரர் மிக்க மரியாதையுள்ளவர். "கவலைப்படாதீங்க ஸார்! பாதி விலையிலே ஒண்ணு இருக்கு. அரை மணியிலே மாட்டித் தர்றேன், நேரே கல்யாணத்துக்குப் போயிடலாம்" என்றார். நமக்கு அவர் தெய்வமாகவே தோன்றினார். கூட வந்த நம் புதல்விதான் கண்ணாடியின் மூலையைக் குனிந்து பார்த்துவிட்டு, "இதில் முத்திரை ஒன்றும் இல்லையே அப்பா" என்றாள்.

அவள் சொன்னது நியாயம். நமது நாட்டில் மோட்டார் வண்டிக் கண்ணாடிக்கு ஐ.எஸ். 2553 என்ற தரம் வகுத்திருக்கிறார்கள். அந்த எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் மூலையில் பதிந்திருக்க வேண்டும். விளிம்பை உற்று நோக்கினால் இரண்டு தகடுகளும் நடு ஏடும் தெரியவேண்டும். 1989-ம் வருஷத்து மோட்டார் வாகன விதிகளின்படி, முன்கண்ணாடி நூற்றுக்கு எழுபது பங்கு வெளிச்சத்தையாவது உள்ளே விடவேண்டும். அதன் வழியாக ஒரு விளக்குக் கம்பத்தைப் பார்த்துக்கொண்டே தலையை இப்படியும் அப்படியும் அசைத்தால், கம்பம் நெளியாமல் நிற்கவேண்டும். கண்ணாடியின் பின்னே காமிராவோ மழையை அறியும் கருவியோ உள்ள வண்டியானால், அதற்கேற்ற கண்ணாடியே வேண்டும். மாட்டியபின் காமிராவைச் சரிபார்த்து அமைக்கவும் வேண்டும்.

கண்ணாடியைவிட முக்கியமானது பசை. வண்டி குப்புற விழுந்தால் கூரையைத் தாங்குவதில் முன்கண்ணாடிக்கும் பங்குண்டு. பல வண்டிகளில், முன் ஆசனத்துக் காற்றுப்பை விரியும்போது அதில்தான் முட்டி நிற்கிறது. பசை இறுகுமுன் ஓட்டினால், விபத்து நேரும்போது கண்ணாடி பெயர்ந்து போகக்கூடும். இறுக எத்தனை நேரம் ஆகும் என்பது பசையின் வகையையும் காற்றின் ஈரத்தையும் உஷ்ணத்தையும் பொறுத்தது. ஒரு மணியும் ஆகலாம், பல மணியும் ஆகலாம். நாம் கடைக்காரரிடம் அதைக் கேட்டோம். "அதெல்லாம் போகப் போக இறுகிடும் ஸார்" என்றார்.

முன் ஆசனத்தில் அத்தை; பின்னால் குழந்தைகள்; இரவில் சுமார் முந்நூறு கிலோமீட்டர் பிரயாணம். கல்யாணத்தையும் நினைத்தோம், இதையும் நினைத்தோம். வண்டியை வேறொரு பட்டறையில் விட்டு, முத்திரையுள்ள கண்ணாடியை நிதானமாகப் பொருத்தச் சொல்லிவிட்டு, பஸ் நிலையத்துக்குச் சென்றோம். முகூர்த்த நாளாதலால் கிடைத்தது கடைசி வரிசை ஆசனம். விடியற்காலையில் கும்பகோணத்தில் இறங்கியபோது, உடம்பில் வலிக்காத எலும்பு இல்லை. ஆனாலும் மாலை மாற்றும் வேளைக்குத் தாய்மாமன் பந்தலில் இருந்தார்.

அன்றே அந்த வடுவைக் கவனித்திருந்தால் இத்தனையும் வேண்டியதில்லை. ரூபாய் நாணயத்துக்குள் அடங்கும் வடு, விளிம்பைத் தொடாமலும் ஓட்டுபவரின் பார்வைக்கு நேரே இல்லாமலும் இருந்தால், பிசினைச் செலுத்திப் புற ஊதா ஒளியால் இறுகச் செய்து அடைத்துவிடலாம். பட்டறைக்குப் போகும் வரையில் தூசியும் ஈரமும் புகாமல் ஒட்டுநாடா ஒன்றை அதன்மேல் ஒட்டி வைத்தால் போதும். இப்போது நம் வண்டியில் ஒட்டுநாடாச் சுருள் ஒன்று எப்போதும் இருக்கிறது. எலுமிச்சம்பழமும் வெள்ளிக்கிழமைதோறும் மாறுகிறது. அத்தையிடம் நாம் அதைப்பற்றி ஒன்றும் சொல்வதில்லை.