ஏர்பிரஷ் கம்ப்ரஸர்: பெரிய எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள்!

விண்டோஸ் பெயிண்ட் புரோகிராமில் உள்ள ஏர்பிரஷ் டூலை எல்லோரும் ஒரு முறையாவது பயன்படுத்திப் பார்த்திருப்போம். மவுஸை அழுத்திப் பிடித்தால் வண்ணம் புள்ளி புள்ளியாகத் தூவும். அந்த டூலின் அசல் கருவியை வாங்கலாமா என்று இப்போது பலர் என்னிடம் கேட்கிறார்கள். காரணம், வீட்டுக்குள் வந்துவிட்ட 3டி பிரிண்டர். பிரிண்டரிலிருந்து எடுக்கும் பொம்மை ஒரே நிறத்தில் இருக்கிறது. சாதாரண பிரஷ்ஷால் பெயிண்ட் அடித்தால் கோடு கோடாகத் தெரிகிறது. ஸ்ப்ரே டின்னால் அடித்தால் கண், மூக்கு போன்ற நுணுக்கமான இடங்கள் பெயிண்ட்டில் மூழ்கி விடுகின்றன. மீதி இருப்பது ஏர்பிரஷ்தான்.

கேட்பவர்கள் எல்லோரும் பிரஷ்ஷைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நாசில் 0.2 மில்லிமீட்டரா, 0.3 மில்லிமீட்டரா? சிங்கிள் ஆக்ஷனா, டபுள் ஆக்ஷனா? கம்ப்ரஸர் என்ற பேச்சு வந்ததும், "காற்றுதானே சார், எதிலிருந்து வந்தால் என்ன?" என்று முடித்து விடுகிறார்கள்.

புதிதாகக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்பவர்களிடமும் இதே பழக்கத்தைப் பார்க்கலாம். பிராஸசருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் ஒரு வாரம் யோசிப்பார்கள். எஸ்.எம்.பி.எஸ். மட்டும் கேபினெட்டோடு எது வருகிறதோ அதுதான். பிறகு கம்ப்யூட்டர் காரணமில்லாமல் ரீஸ்டார்ட் ஆகும். விண்டோஸைத் திட்டுவார்கள்.

என் கருத்தை இங்கேயே சொல்லி விடுகிறேன். ஏர்பிரஷ் பழகப் போகிறவர் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டியது கம்ப்ரஸரை. டேங்க், பிரஷர் ரெகுலேட்டர், தண்ணீரைப் பிரிக்கும் ஃபில்டர், இந்த மூன்றும் உள்ள சிறிய ஆயில் இல்லாத பிஸ்டன் கம்ப்ரஸர் போதும். பிரஷ் சுமாரானதாக இருந்தாலும் பழகி விடலாம். காற்று சரியில்லை என்றால் எவ்வளவு நல்ல பிரஷ் இருந்தும் பழக முடியாது.

பி.எஸ்.ஐ. என்பது வோல்ட், லிட்டர் என்பது ஆம்பியர்

கம்ப்ரஸர் பெட்டியில் பெரிதாக அச்சடித்திருப்பது பிரஷர் எண். 60 பி.எஸ்.ஐ., 100 பி.எஸ்.ஐ. என்று போட்டிருப்பார்கள். எண் பெரிதாக இருந்தால் நல்ல கம்ப்ரஸர் என்று நினைத்துக் கொள்கிறோம். ஆனால் சிறிய மாடல்களுக்குப் பெயிண்ட் அடிக்க நமக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் 15 முதல் 25 பி.எஸ்.ஐ. வரைதான். பார் கணக்கில் சொன்னால் 1 முதல் 1.7 வரை. 100 பி.எஸ்.ஐ.யை வைத்துக் கொண்டு என்ன செய்யப் போகிறோம்?

சைக்கிள் பம்ப்பை எடுத்துக் கொள்ளுங்கள். கையால் அடித்தே 60 பி.எஸ்.ஐ. கொண்டு வந்து விடலாம். அதை வைத்து ஏர்பிரஷ் ஓட்ட முடியுமா? முடியாது. பிரஷர் இருக்கிறது, தொடர்ந்து வரும் காற்று இல்லை. பிரஷர் என்பது வோல்ட் மாதிரி. நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று வருகிறது என்பது ஆம்பியர் மாதிரி. ஐந்து வோல்ட் என்று எழுதியிருக்கும் எல்லா சார்ஜரும் உங்கள் போனை ஒரே வேகத்தில் சார்ஜ் செய்வதில்லை அல்லவா? இதுவும் அப்படித்தான்.

லிட்டர் கணக்கிலும் ஒரு சூட்சுமம் உண்டு. எதிர்ப்பே இல்லாமல் சும்மா ஓடும்போது பம்ப் இழுக்கும் காற்றைத்தான் பலர் அச்சடிக்கிறார்கள். 2 பார் பிரஷரை எதிர்த்து ஓடும்போது அது குறைந்து விடும். ஒரு காலத்தில் கையகல கம்ப்யூட்டர் ஸ்பீக்கரில் 1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ. என்று போட்டு விற்றார்களே, அந்தக் கதைதான். கடைக்காரரிடம் "2 பாரில் எத்தனை லிட்டர்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராவிட்டால், போட்டிருக்கும் எண்ணில் பாதி முதல் முக்கால் பங்கைத்தான் நம்பலாம் என்பது என் கணக்கு.

டேங்க் எதற்கு?

சந்தையில் ஆரம்ப நிலையினருக்கென்று பரவலாகக் கிடைப்பது 1/6 அல்லது 1/5 எச்.பி. மோட்டாரும், 3 லிட்டர் டேங்க்கும் உள்ள வகை. நிமிடத்துக்கு 20 லிட்டருக்குச் சற்று மேல் என்று போட்டிருக்கும். டேங்க்கில் பிரஷர் 4 பார் ஆனதும் மோட்டார் தானாக நிற்கும். 3 பாருக்குக் குறைந்ததும் தானாக ஓடும்.

டேங்க்கில் நிறைய காற்று சேர்த்து வைத்துக் கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 4 பாரிலிருந்து 3 பாருக்கு இறங்கும்போது 3 லிட்டர் டேங்க் தரும் காற்று 3 லிட்டர்தான். 0.3 நாசில் பிரஷ் நிமிடத்துக்கு உத்தேசமாக 10 லிட்டர் எடுக்கிறது என்று வைத்துக் கொண்டால், 18 வினாடியில் தீர்ந்து விடும். அப்படியானால் டேங்க் எதற்கு?

இரண்டு காரணங்கள். ஒன்று, மோட்டாருக்கு ஓய்வு. ஓய்வே இல்லாமல் ஓடும் சின்ன மோட்டார் நம்மூர் மே மாத வெயிலில் எவ்வளவு சூடாகும் என்று சொல்லத் தேவையில்லை. இரண்டாவது காரணம் முக்கியமானது. பிஸ்டன் ஒவ்வொரு முறை மேலே வரும்போதும் காற்றை ஒரு தள்ளு தள்ளுகிறது. அடுத்த தள்ளு வரும் வரை ஒரு சின்ன இடைவெளி. அதாவது காற்று துடித்துத் துடித்து வருகிறது. டேங்க் இந்தத் துடிப்பை விழுங்கி விட்டு, ஒரே சீராக வெளியே விடுகிறது. எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் பெரிய கெப்பாசிட்டர் செய்கிற வேலை இதுதான். டேங்க்கை யு.பி.எஸ். பேட்டரி என்று நினைக்காதீர்கள், கெப்பாசிட்டர் என்று நினையுங்கள்.

குறை கையிலா, காற்றிலா?

எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் பிளஸ் டூ படிக்கிறான். ரெசின் பிரிண்டரில் சின்னச் சின்ன பொம்மைகள் எடுப்பான். பிறந்த நாளுக்கு வந்த பணத்தில் பிரஷ், பேட்டரியில் ஓடும் குட்டி கம்ப்ரஸர் எல்லாம் சேர்ந்த கிட் ஒன்றை வாங்கினான். டேங்க் கிடையாது. பிரஷ்ஷின் அடியிலேயே திருகிக் கொள்ள வேண்டும். மெல்லிய கோடு போட்டால் மணி மணியாக விழுந்தது. பத்து நிமிடத்தில் கம்ப்ரஸர் சூடானது. மூன்று வாரம் முயற்சி செய்து விட்டு, "எனக்குக் கை வரலை அங்கிள்" என்று பெட்டியில் போட்டு மூடி விட்டான்.

அதே பிரஷ்ஷை, அதே பெயிண்ட்டோடு, என்னிடமிருந்த டேங்க் கம்ப்ரஸரில் மாட்டிக் கொடுத்தேன். 18 பி.எஸ்.ஐ. வைத்தேன். அரை மணி நேரத்தில் அவன் போட்ட கோட்டைப் பார்த்து அவனுக்கே ஆச்சரியம். கையில் குறை இல்லை, காற்றில்தான் குறை.

விலை குறைவு என்பதை விட, இந்த கிட்களின் மேல் என் கோபம் இதனால்தான். புதிதாகப் பழகுபவருக்குத் தவறு தன்னுடையதா, கருவியுடையதா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. பெயிண்ட் கெட்டியாக இருந்தாலும் துப்பும். நாசிலில் பெயிண்ட் காய்ந்தாலும் துப்பும். காற்று துடித்தாலும் கோடு கெடும். மூன்றும் சேர்ந்தால் எதைத் திருத்துவது? காற்று நிலையாக இருந்தால் மற்ற இரண்டையும் ஒரே வாரத்தில் கற்றுக் கொள்ளலாம்.

பேட்டரி கம்ப்ரஸரே கூடாது என்று சொல்லவில்லை. சத்தம் குறைவு, இடம் அடைக்காது, கரண்ட் போனாலும் ஓடும். மாதம் ஒரு பொம்மைக்கு பிரைமர் அடிப்பதற்கும், முழுப் பரப்பில் ஒரே நிறம் தருவதற்கும் தாராளமாகப் போதும். நுணுக்கமான வேலை பழக வேண்டும் என்பவருக்கு அது ஆகாது.

தண்ணீரை மறக்காதீர்கள்

குளிர் நாடுகளில் எழுதப்படும் ஆலோசனைகளில் தண்ணீர் ஃபில்டரை "இருந்தால் நல்லது" என்று சொல்வார்கள். சென்னையிலும், நாகையிலும், தூத்துக்குடியிலும் இருக்கும் நமக்கு அது கட்டாயம்.

ஏன் என்றால், காற்றை 4 பாருக்கு அழுத்தும்போது அது ஐந்தில் ஒரு பங்கு இடத்தில் அடங்குகிறது. அதிலிருந்த நீராவி முழுவதும் அந்தச் சின்ன இடத்தில் தங்க முடியாது. காற்று ஆறியதும் தண்ணீராகி விடுகிறது. 30 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில், நிமிடத்துக்கு 10 லிட்டர் வீதம் ஒரு மணி நேரம் ஓட்டினால், சுமார் 9 கிராம் தண்ணீர் பிரியும். ஏறக்குறைய இரண்டு டீஸ்பூன்! இதில் ஒரு சொட்டு ஹோஸ் வழியாக வந்து பொம்மையின் முகத்தில் விழுந்தால், அதுவரை செய்த வேலை போச்சு.

டேங்க் இதற்கும் உதவுகிறது. காற்று அதில் சற்று ஆறுவதால் தண்ணீரின் ஒரு பகுதி அங்கேயே தங்கி விடும். மீதியை ரெகுலேட்டரோடு வரும் ஃபில்டர் பிடிக்கும். பிரஷ்ஷுக்குக் கீழே இன்னொரு குட்டி ஃபில்டர் மாட்டினால் இன்னும் நல்லது. வேலை முடிந்ததும் டேங்க்கின் அடியில் உள்ள திருகைத் திறந்து தண்ணீரை வெளியேற்றுங்கள். செய்யாவிட்டால் டேங்க் உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்கும்.

இவற்றைத் தவிர்த்து விடுங்கள்

கார் டயருக்குக் காற்றடிக்கும் 12 வோல்ட் பம்ப்: சில நிமிடங்கள் ஓடி ஓய்வெடுப்பதற்காகச் செய்யப்பட்டது. காற்றும் பயங்கரமாகத் துடிக்கும்.

பெரிய ஒர்க்ஷாப் கம்ப்ரஸர்: "பிற்காலத்துக்கு ஆகும்" என்று சிலர் சொல்வார்கள். காற்றுக்குக் குறைவில்லை. சத்தம்தான் பிரச்னை. சாதாரண வகைகள் 80 டெசிபலைத் தாண்டும். நான் சொல்லும் சிறிய வகையில் 47 டெசிபல் அளவில் போட்டிருக்கும். ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் சத்தம் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தெரியும் என்பதை நினைவில் வையுங்கள். அபார்ட்மென்ட்டில் இரவு ஒன்பது மணிக்குத்தான் நமக்கு நேரம் கிடைக்கும். கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து விடுவார்.

பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரஸரில் நீங்களே செய்வது: சத்தம் மிகக் குறைவு என்பது உண்மை. ஆனால் அது ஆயிலில் ஓடுவது. காற்றோடு ஆயிலும் வரும். பிரஷர் ஏறினால் நிறுத்தும் சுவிட்சும், சேஃப்டி வால்வும் அதில் இல்லை. இப்போதைய ஃபிரிட்ஜ்கள் பலவற்றில் இருப்பது ஆர்-600ஏ என்ற ஐசோபியூட்டேன், தீப்பிடிக்கும் கேஸ். குழாயை நாமே அறுப்பது விளையாட்டு அல்ல.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டு வரும் கம்ப்ரஸர்: அங்கு 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நமக்கு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. மோட்டார் மெதுவாக ஓடி அதிகம் சூடாகும்.

இன்னொன்று. எந்தக் கம்ப்ரஸரையும் கம்ப்யூட்டர் யு.பி.எஸ்.ஸில் செருகாதீர்கள். மோட்டார் கிளம்பும்போது பல மடங்கு கரண்ட் இழுக்கும். யு.பி.எஸ். தாங்காது.

பணத்தை எப்படிப் பிரிப்பது?

விலை கடைக்குக் கடை மாறுகிறது. அதனால் விகிதம் மட்டும் சொல்கிறேன். கையில் உள்ள பணத்தில் பாதிக்கு மேல் கம்ப்ரஸருக்கு. கால் பங்கு, மேலே கப் உள்ள 0.3 டபுள் ஆக்ஷன் பிரஷ்ஷுக்கு. மீதி, சுத்தம் செய்யும் திரவம், தின்னர், மாஸ்க் ஆகியவற்றுக்கு. மாஸ்க்கில் மிச்சம் பிடிக்க வேண்டாம். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயிண்ட் என்றாலும் அதன் தூசி நுரையீரலுக்குள் போகக் கூடாது. லாக்கர் வகை என்றால் கேஸ் ஃபில்டர் உள்ள மாஸ்க் வேண்டும்.

கடையில் மூன்று விஷயங்களைச் செய்து பாருங்கள். மோட்டாரை ஓட விட்டு, சொன்ன பிரஷரில் தானாக நிற்கிறதா என்று பாருங்கள். நின்ற பிறகு ஐந்து நிமிடம் காத்திருங்கள். முள் இறங்கினால் எங்கோ லீக் இருக்கிறது. பிறகு பிரஷ்ஷை மாட்டி ட்ரிக்கரை அழுத்திப் பிடித்துக் கொண்டே ரெகுலேட்டரில் 20 பி.எஸ்.ஐ. வையுங்கள். காற்று ஓடும்போது முள் ஆடாமல் நின்றால் எடுத்துக் கொள்ளலாம். ஹோஸின் திருகு உங்கள் பிரஷ்ஷுக்குப் பொருந்துகிறதா என்பதும் அப்போதே தெரிந்து விடும். 1/8 அங்குல பி.எஸ்.பி. அளவு பரவலானது. வேறு அளவு என்றால் அடாப்டரையும் அங்கேயே வாங்கி விடுங்கள்.

"இதை வைத்து சி.பி.யூ.வில் உள்ள தூசியை அடிக்கலாமா?" என்று அடுத்த கேள்வி வரும், தெரியும். நிமிடத்துக்கு 20 லிட்டர் காற்றில் ஹீட்சிங்க் தூசி நகர்ந்து கொடுக்காது. அதற்குக் கையில் பிடிக்கும் ப்ளோயரே மேல்.

கம்ப்ரஸர் கண்ணுக்கு அழகாக இருக்காது. மேஜைக்குக் கீழே ஒரு ரப்பர் விரிப்பில் கிடக்கும். நண்பர்கள் வந்தால் பிரஷ்ஷைத்தான் கையில் எடுத்துப் பார்ப்பார்கள். பரவாயில்லை. இரண்டு வருடம் கழித்து நல்ல பிரஷ்ஷுக்கு மாறும்போதும் இதே கம்ப்ரஸர் உங்களோடு இருக்கும். அதனால் முதல் செலவை அதில் போடுங்கள்.