ஊசிக்கு ரெஜிஸ்டர் இருக்கு... மூளைக்கு?

திருப்பூரில் ஏற்றுமதி செய்கிற பனியன் கம்பெனியில் ஒரு தையல் ஊசி உடைந்தால் என்ன நடக்கும் தெரியுமா? உடைந்த துண்டுகள் அத்தனையும் தேடி எடுத்து, ரெஜிஸ்டரில் ஒட்டி, நேரம் எழுதி, கையெழுத்துப் போட்டால்தான் புது ஊசி. எங்கோ ஐரோப்பாவில் ஒரு குழந்தையின் சட்டையில் ஊசித்துண்டு போய்விடக் கூடாதாம். நல்ல விஷயம்தான், நான் குறை சொல்லவில்லை.

அதே மெஷினில் உட்கார்ந்திருக்கும் டெய்லருக்குத் திடீரென்று வாய் ஒரு பக்கம் கோணுகிறது, ஒரு கை தொங்குகிறது, பேச்சு குழறுகிறது. அப்போது மணி பார்த்து எழுதி வைப்பது யார்? "பித்தமா இருக்கும், ரூமுக்குப் போய்ப் படுங்க" என்று அனுப்பினால் கதை முடிந்தது.

ஏன் மணி முக்கியம்? பக்கவாதத்தில் பெரும்பாலானவை மூளை ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி அடைப்பதால் வருபவை. அடைப்பின் மையத்தில் இருக்கும் பகுதி சீக்கிரமே செத்துவிடும். சுற்றியிருக்கும் பகுதி, பக்கத்துக் குழாய்கள் வழியாக வரும் கொஞ்சம் ரத்தத்தில், வேலை செய்யாமல் ஆனால் உயிரோடு கிடக்கும். அதைக் காப்பாற்றத்தான் இத்தனை ஓட்டமும். பெரிய குழாய் அடைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் போகின்றன என்று 2006இல் கணக்குப் போட்டார்கள்.

கட்டியைக் கரைக்கும் ஊசி 3 மணி நேரத்துக்குள் போட்டால் பலன் தரும் என்று 1995இல் தெரிந்தது. 2008இல் அது நாலரை மணி நேரமாக நீண்டது. பெரிய அடைப்பைக் கம்பிக்குழாய் விட்டு எடுக்கும் முறை 2015இல் நிரூபணமானது. 2018க்குப் பிறகு சிலருக்கு மட்டும் 24 மணி நேரம் வரைகூடச் செய்கிறார்கள். ஆனால் முதலில் சி.டி. ஸ்கேன் வேண்டும். அடைப்பு இல்லை, ரத்தக்கசிவு என்றால் அந்த ஊசியே ஆளைக் கொன்றுவிடும்.

இந்த நாலரை மணி நேரத்தில் நம்மவர்கள் செய்யும் "ரத்த ஓட்ட வைத்தியம்" இருக்கிறதே... புறா ரத்தம் தேய்ப்பது, பத்து விரல் நுனியிலும் ஊசியால் குத்துவது. திருப்பூரில் ஊசிக்கா பஞ்சம்! விரலில் சொட்டும் ரத்தம் மூளையில் இருக்கும் கட்டியை எப்படி ஐயா கரைக்கும்? அவசரமாக பிபி மாத்திரை கொடுப்பதும் தப்பு. அழுத்தம் சட்டென்று இறங்கினால் அந்தக் கொஞ்ச ரத்தமும் நின்றுபோகலாம். கசிவா அடைப்பா என்று தெரியாமல் ஆஸ்பிரினும் கூடாது. தண்ணீரோ காபியோ புகட்டினால் நுரையீரலுக்குப் போகும் ஆபத்து.

"ஆர்டர் முடிக்கவே நேரமில்லை, இதெல்லாம் எங்க பொறுப்பா?" என்று முதலாளி அண்ணன்கள் கேட்கலாம். ஆமாங்க, உங்க பொறுப்புந்தான். வாரம் 55 மணி நேரத்துக்கு மேல் உழைப்பவர்களுக்கு, 35-40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021இல் சொல்லிவிட்டன. ஆறு நாளும் ஒன்றரை ஷிப்ட் ஓட்டினால் எத்தனை மணி நேரம் என்று நீங்களே கூட்டிப் பாருங்கள்.

நான் கேட்பது பெரிய செலவு இல்லை. ஊசி ரெஜிஸ்டர் பக்கத்தில் ஒரு தாள்: முகம், கை, பேச்சு, நேரம். தமிழில், இந்தியில், ஒடியாவில். உடனே 108. ஆள் கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்று எழுதிக்கொண்டு, பார்த்தவரே கூடப் போக வேண்டும். தீ விபத்துக்கு ஒத்திகை வைக்கிறீர்களே, இதற்கும் வையுங்கள். பையர்கள் ஆடிட்டில் இதையும் கேட்கட்டும்.

அரசுக்கும் ஒன்று. திருப்பூருக்கு 2022 ஜனவரியில் மருத்துவக் கல்லூரி திறந்தாயிற்று, சந்தோஷம். திருப்பூர், அவிநாசி, பல்லடம், காங்கேயம் வட்டாரத்தில் நள்ளிரவிலும் சி.டி. எடுத்து இந்த ஊசி போடும் ஆஸ்பத்திரிகள் எவை என்று ஒவ்வொரு கம்பெனி வாசலிலும் எழுதி ஒட்டுங்கள்.

உங்கள் வீட்டில் யாராவது கம்பெனிக்குப் போகிறார்களா? இன்று ராத்திரியே கேளுங்கள், அந்த ஆஸ்பத்திரி எது என்று அவர்களுக்குத் தெரியுமா என்று.