படகு உள்ளவனுக்குத்தான் ஆழ்கடலா?



2017 ஜூலையில் பிரதமர் மோடி ராமேஸ்வரத்தில் ஆழ்கடல் மீன்பிடித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். பாக் நீரிணையின் தரையையே வழித்தெடுக்கும் இழுவை மடியை விட்டுவிட்டு, நவீனப் படகில் ஆழ்கடலுக்குச் சென்று சூரை பிடிக்க வேண்டும். மூன்றாண்டில் 2000 படகுகள் என்றார்கள். நோக்கம் நல்லதுதான். மறுக்கவில்லை.

ஆனால் கணக்கைப் பாருங்கள்! ஒரு படகின் விலை 80 லட்சம் என வைத்தார்கள். மத்திய அரசு 40 லட்சம், மாநில அரசு 16 லட்சம், வங்கிக் கடன் 16 லட்சம், பயனாளி 8 லட்சம். கூடவே பழைய விசைப்படகையும் ஒப்படைக்க வேண்டும்.

விசைப்படகு யாரிடம் இருக்கிறது? உரிமையாளரிடம்! கூலிக்குக் கடலுக்குப் போகும் பாம்பன், மண்டபம், தொண்டி மீனவனிடம் ஒப்படைக்கப் படகு ஏது? எட்டு லட்சம் ஏது? இலங்கைக் கடற்படை பிடித்தால் சிறைக்குப் போவது இவன். படகை உடைத்தால் பிழைப்பை இழப்பதும் இவன். திட்டத்தின் கணக்கில் மட்டும் இவன் இல்லை! ஐஸ் பெட்டியில் ஏற்றுமதியாகும் சூரையில், கருவாடு போட்டுப் பிழைக்கும் நம் பெண்களுக்கு என்ன பங்கு?

பணக்கார நாடுகளிலும் இந்தக் கேள்வி எழுந்தது. அமெரிக்காவின் மேற்குக் கரைத் துறைமுகங்களில் இயந்திரம் புகுந்தபோது, 1960இல் தொழிலாளர் சங்கம் ஒப்பந்தம் போட்டது. இயந்திரத்தால் மிச்சமாகும் பணத்தில் தொழிலாளிக்கு ஓய்வூதியமும் ஊதிய உத்தரவாதமும் பெற்றது. கேட்டார்கள், கிடைத்தது!

நாமும் கேட்போம். ஒப்படைக்கும் ஒவ்வொரு படகின் கூலி மீனவர்களுக்கும் இழப்பீடு வேண்டும். அவர்கள் கூட்டாகப் படகு வாங்க மானியம் வேண்டும். அடுத்த மீனவர் குறைதீர் கூட்டத்தில் இந்த மனு இருக்க வேண்டும். கொடுக்கப் போவது யார்? நீங்கள்தான்!