இரண்டு மாணவர்க்கு ஒரு பேராசிரியர்

பௌதிகம் படித்தால் என்ன கிடைக்கும் என்று நம் பெற்றோர் கேட்பது இயல்பே. ஊரை விட்டு வந்து, ஸ்ரீராம்புரத்துச் சிறு வீடுகளில் வாடகையும் அரிசியும் கணக்கிட்டு வாழும் குடும்பத்துக்குப் பிள்ளைகள் விரைவில் சம்பாதிக்க வேண்டுமென்பதே முதற்கவலை. அக்கவலையை நாம் குறைகூறோம். ஆயினும், விண்மீன்களை ஆராய்ந்த தமிழர் ஒருவரின் வாழ்வை இத்திங்கள் வாசகர் முன் வைக்க விரும்புகிறோம்.

சுப்பிரமணியன் சந்திரசேகர் பிறந்தது தமிழ்நாட்டில் அன்று. 1910 அக்டோபர் 19-ஆம் நாள், லாகூரில். தந்தையார் ரயில்வேக் கணக்குத் துறையில் உத்தியோகம் பார்த்தார். ஆகவே அக்குடும்பமும் நம்மைப்போல் வேலையின் பொருட்டு அயலூர் சென்றதேயாம். பிள்ளைக்கு ஆங்கிலமும் கணக்கும் தந்தை கற்பித்தார். தமிழைத் தாயார் சீதாலட்சுமி கற்பித்தார். இப்சனின் நாடகமொன்றைத் தமிழாக்கிய அறிவுடைய அம்மையார் அவர். 1930-இல் மகனுக்கு இங்கிலாந்து செல்லும் வாய்ப்பு வந்தபோது அவர் கடும் நோயுற்றிருந்தார். எனினும் போகாதே என்றாரில்லை. அவன் தனக்காகப் பிறந்தவனல்லன், உலகுக்காகப் பிறந்தவன் என்று கூறி விடைகொடுத்தார். மறு ஆண்டு அவர் மறைந்தபோது மகன் அருகில் இல்லை. பிள்ளைகளைத் தொலைவுக்கு அனுப்பிய தாய்மாருக்கு இதன் பொருளை நாம் விளக்க வேண்டுவதில்லை.

பத்தொன்பது வயது இளைஞரான சந்திரசேகர் கப்பலிலேயே கணக்கிடத் தொடங்கினார். எரிபொருள் தீர்ந்த விண்மீன் எதுவாயினும் பூமியளவுக்குச் சுருங்கி அமைதியுறும் என்று அக்கால அறிஞர் கருதினர். எஞ்சிய பொருள் ஓர் எல்லையைக் கடந்தால் விண்மீன் தன் எடையைத் தானே தாங்கமாட்டாது மேலும் ஒடுங்கும் என்பது அவர் கண்ட முடிவு. சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என இன்று கொள்ளப்படும் அவ்வெல்லை அவர் பெயராலேயே வழங்குகிறது. 1935 ஜனவரியில் லண்டன் வானியற் கழகத்தில் இதனை அவர் எடுத்துரைத்தபோது, பெரும்புகழ் பெற்ற எடிங்டன் அக்கூட்டத்திலேயே எள்ளி மறுத்தார். சந்திரசேகர் சச்சரவில் காலம் போக்கவில்லை. 1939-இல் தம் முடிவுகளை நூலாக்கி வைத்துவிட்டு வேறு ஆராய்ச்சியிற் புகுந்தார். 1983-இல் நோபெல் பரிசு அவரைத் தேடி வந்தது.

ஆராய்ச்சியினும் அவருடைய ஆசிரியப் பணியே நம் உள்ளத்தை ஈர்க்கிறது. 1937 முதல் அவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் வானாய்வகத்தில் பணியாற்றினார். 1940-களில் ஒரு பாடத்தை நடத்த அங்கிருந்து ஏறக்குறைய 100 மைல் காரோட்டிச் சிகாகோ நகர் சென்று வந்தார். அவ்வகுப்பில் இருந்த மாணவர் இருவரே என்பர். இருவருக்காக இத்தனை அலைச்சலா என்று உலகம் நகைக்கலாம். லீ, யாங் என்னும் அச்சீன இளைஞர் இருவரும் 1957-இல் நோபெல் பரிசு பெற்றனர். ஆசிரியருக்கு இருபத்தாறு ஆண்டுகள் முன்னதாகவே!

கற்றதைப் பலருக்கும் பகிர்வதிலும் அவர் சலித்தாரில்லை. 1952 முதல் 1971 வரை வானியல் ஆராய்ச்சி இதழொன்றின் ஆசிரியராயிருந்து பிறர் கட்டுரைகளைத் திருத்தினார். மறைந்த 1995-ஆம் ஆண்டிலும், நியூட்டனின் அரிய நூலைச் சாதாரண வாசகருக்கு விளக்கும் நூலொன்றை வெளியிட்டார்.

நம் போன்ற சங்கங்களில், ஆள் சேரவில்லையென்று வகுப்பையும் சொற்பொழிவையும் நிறுத்திவிடும் வழக்கம் உண்டு. வந்தவர் எத்தனை பேர் என்று எண்ணுவதை விட்டு, வந்தவர் யாராக வளரக்கூடும் என்று எண்ணுவோமாக. 1989-இல் திறந்த நேரு கோளரங்கம் நம் பகுதிக்குத் தொலைவன்று. கோரமங்கலத்தில் இந்திய வான்பௌதிகக் கழகம் இருக்கிறது. அக்கழகத்தின் காவலூர் வானாய்வகமோ, நம்மிற் பலர் விட்டு வந்த பழைய வட ஆர்க்காட்டுச் சீமையின் ஜவ்வாது மலையில் இருக்கிறது, அங்கே 2.34 மீட்டர் அகன்ற தொலைநோக்கி 1986 முதல் வானை நோக்கி வருகிறது. ஊருக்குச் செல்லும் விடுமுறையில் பிள்ளைகளுக்கு அம்மலையைச் சுட்டிக்காட்டுங்கள். இரவு மொட்டைமாடியில் பிள்ளை வானத்தைப் பற்றி வினவினால், போய்த் தூங்கு என்று அதட்டாதீர்கள். விடை தெரியாவிடினும் உடனிருந்து பாருங்கள். ஒரே மாணவனுக்கான வகுப்பாயினும் அதுவும் வகுப்பே.